படிக்கத் திறந்த கோப்பு இயங்கியது: தேக்கா உணவு நிறுவனம் ஒன்றில் பதிவிறக்க அனுமதிகளைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் தேக்காவுக்கு அருகில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகமும், உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்கட்டடத்தில் சமையற்கூடமும் வைத்திருக்கும் உணவு விநியோக நிறுவனம் ஒன்றின் கணினிகளைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். திருமணம், கோவில் விழா, அலுவலக விருந்து ஆகியவற்றுக்குச் சமைத்து அனுப்புவதும், தீபாவளிக் காலத்தில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை முதலியவற்றை மொத்தமாகச் செய்து கொடுப்பதும் அவர்களுடைய தொழில். எட்டு விண்டோஸ் கணினிகள், உணவுப்பட்டியல் வடிவமைக்க ஒரு மேக், லினக்ஸில் இயங்கும் ஒரு சிறிய கோப்புச் சேவையகம் என மொத்தம் பத்து இயந்திரங்கள் அங்கே உள்ளன. சென்ற தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் அங்கு நிகழ்ந்ததையும், அதன்பின் நாங்கள் செய்த மாற்றங்களையும், அவற்றுள் எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்பதையும் உரிமையாளரின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து இங்கே பதிவு செய்கிறேன்.

என்ன நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு, காய்கறி அனுப்பும் மொத்த வியாபாரியின் முகவரியிலிருந்து கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடிதத் தொடருக்கு மறுமொழியாகவே அது வந்திருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. வியாபாரியின் அஞ்சல்பெட்டி முன்பே களவு போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. திருத்திய விலைப்பட்டியல் என்ற குறிப்புடன் ஒரு ஸிப் கோப்பும், அதைத் திறப்பதற்கான கடவுச்சொல்லும் கடிதத்திலேயே இருந்தன. ஸிப் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டினால், வழியில் இருக்கும் அஞ்சல் வடிகட்டியால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பூட்டியதற்குக் காரணம் அதுவே.

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா அந்த ஸிப் கோப்பைப் பதிவிறக்கி, செவன்-ஸிப் நிரலைக் கொண்டு அதே பதிவிறக்கக் கோப்புறைக்குள் பிரித்தார். உள்ளே பிடிஎஃப் சின்னத்துடன், பெயரின் முடிவிலும் பிடிஎஃப் என்றே காட்டிய ஒரு கோப்பு இருந்தது. கோப்பின் வகையைக் காட்டும்படி பெயரின் இறுதியில் வரும் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் இயல்புநிலையில் மறைத்துவிடும். இந்தக் கோப்பின் உண்மையான பின்னொட்டு எக்ஸ்இ, அதாவது அது ஒரு நிரல். அவர் இருமுறை சொடுக்கினார். எதுவும் திறக்கவில்லை. மீண்டும் ஒருமுறை சொடுக்கிவிட்டு, கோப்பு பழுதாகியிருக்கும் என்று எண்ணி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மாலை, ஈசூனில் வசிக்கும் ஒரு திருமண வீட்டார் தொலைபேசியில் அழைத்தார்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகவும், முன்பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பவேண்டும் என்றும் ஆர்டர் அஞ்சல்பெட்டியிலிருந்து அவர்களுக்குக் கடிதம் போயிருந்தது. அதுவரை எல்லாவற்றையும் தமிழில் குரல்செய்தியாகப் பேசி முடித்தவர்களிடமிருந்து திடீரென்று முறையான ஆங்கிலக் கடிதம் வந்ததால்தான் அந்த வீட்டுப் பெரியவர் அழைத்துக் கேட்டிருக்கிறார். வேறு ஐந்து வாடிக்கையாளர்களுக்கும் அதே கடிதம் போயிருந்தது. நல்வாய்ப்பாக எவரும் பணம் அனுப்பவில்லை.

அன்றிரவே அந்தக் கணினியை இணைப்பிலிருந்து துண்டித்தோம். வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கணக்குகளிலும் திறந்திருந்த அமர்வுகளை முடித்து, கடவுச்சொற்களை மாற்றினோம். காவல்துறையிடமும், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் சிங்கப்பூர் அமைப்பான சிங்செர்ட்டிடமும் தகவல் தெரிவித்தோம். பாதிக்கப்பட்ட கணினியைத் துப்புரவு செய்து மீண்டும் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினோம்.

அஞ்சல்பெட்டிக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தது. அப்படியிருந்தும் வெளியார் உள்ளே நுழைந்தது எப்படி என்று உரிமையாளர் கேட்டார். புதிய உள்நுழைவுக்கான குறியீடு எவருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கவில்லை. ஆகவே, ஏற்கெனவே திறந்திருந்த அமர்வின் குக்கியை (உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு தரவை) அந்த நிரல் உலாவியிலிருந்து எடுத்துச் சென்றிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தோம். இதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. பயனர் எதையெல்லாம் படிக்க முடியுமோ, அதையெல்லாம் பயனரின் பெயரில் இயங்கும் நிரலும் படிக்க முடியும்.

மறுநாள் அக்காவிடம் பேசியபோது அவர் கண் கலங்கிச் சொன்னது இது: "தம்பி, நான் அதைப் படிக்கத்தானே திறந்தேன். ஓட்டணும்னு நினைக்கவே இல்லையே."

இந்த நிகழ்வு பற்றி என்னிடம் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடச் சரியான விளக்கம் வேறில்லை. ஓர் ஆவணத்தைப் படிப்பதும் ஒரு நிரலை இயக்குவதும் முற்றிலும் வேறுபட்ட செயல்கள். கணினித் திரையில் இரண்டுக்கும் ஒரே சைகைதான், அதே இருமுறைச் சொடுக்கு. சொடுக்கியவரின் எண்ணம் எதுவாயினும், கோப்புக்கு இயங்கும் அனுமதி இருந்தால் அது இயங்கிவிடும். எனவே, அவர் ஏன் கவனமாக இல்லை என்று கேட்பதற்கு முன், வெளியிலிருந்து வந்து ஒரு நிமிடம்கூட ஆகாத ஒரு கோப்புக்கு இயங்கும் அனுமதியை யார் கொடுத்தது என்று கேட்கவேண்டும்.

அனுமதி எங்கிருந்து வந்தது

எவரும் கொடுக்கவில்லை, அது தானாகவே வந்தது. விண்டோஸில் ஒரு கோப்புறைக்குள் புதிதாக உருவாகும் கோப்பு அந்தக் கோப்புறையின் அனுமதிகளை மரபுரிமையாகப் பெறுகிறது. பயனரின் பதிவிறக்கக் கோப்புறையில் அவருக்கு முழுக் கட்டுப்பாடு உண்டு. முழுக் கட்டுப்பாட்டுக்குள் இயக்கும் அனுமதியும் அடங்கும். வங்கி அறிக்கையாக இருந்தாலும், பேரப்பிள்ளையின் படமாக இருந்தாலும், களவு நிரலாக இருந்தாலும், அந்தக் கோப்புறைக்குள் வந்த நொடியிலேயே அதற்கு இயங்கும் தகுதி கிடைத்துவிடுகிறது.

யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் தொடக்கமே வேறு. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள் தனித்தனியாக உள்ளன. ஓர் உலாவி புதிய கோப்பை உருவாக்கும்போது 666 என்ற அனுமதியையே கேட்கிறது. அதாவது எல்லாருக்கும் படிக்கவும் எழுதவும் மட்டும். அதன்மேல் யூமாஸ்க் என்ற வடிகட்டி வேலை செய்கிறது. அது 022 ஆக இருந்தால் 644 மிஞ்சும்: கோப்பின் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். 077 ஆக இருந்தால் 600 மிஞ்சும்: உரிமையாளரைத் தவிர எவரும் தொட முடியாது. இரண்டு நிலையிலும் இயக்கும் அனுமதி இல்லை. அது வேண்டுமானால் ஒருவர் முனைந்து கொடுக்கவேண்டும். அங்கும் ஒரு பின்வாசல் உண்டு: டார் போன்ற தொகுப்புக் கோப்பு தனக்குள் இருக்கும் கோப்புகளின் அனுமதிகளையும் சுமந்து வருவதால், பிரித்தெடுத்ததும் இயக்கும் அனுமதி அதனுடனேயே வந்துவிடும்.

அணுகலை இயல்பில் மறுத்துவிட்டு, காரணம் இருக்கும்போது மட்டும் அனுமதிக்கவேண்டும் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975லேயே தெளிவாக வகுத்துவிட்டார்கள். அரைநூற்றாண்டு கடந்த பின்னும், நாம் அன்றாடம் பயன்படுத்தும் மேசைக்கணினி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

விண்டோஸ் இந்தக் குறையை வேறு வழியில் ஈடுசெய்ய முயன்றிருக்கிறது. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல், இணையத்திலிருந்து வரும் கோப்பின்மீது உலாவி ஓர் அடையாளக்குறியை ஒட்டுகிறது. மார்க் ஆஃப் த வெப் எனப்படும் இந்தக் குறி, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில் கோப்புடன் ஒட்டிய துணைத் தரவாகச் சேமிக்கப்படுகிறது. அதில் 3 என்ற எண் இருந்தால் கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை, வேர்டின் பாதுகாக்கப்பட்ட பார்வை, ஆவணத்துக்குள் வரும் கட்டளைத்தொடர்களான மேக்ரோக்களுக்கு 2022இல் நடைமுறைக்கு வந்த தடை ஆகிய மூன்றும் இந்தக் குறியைப் பார்த்தே முடிவெடுக்கின்றன.

குறி இருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது. பெட்டியைப் பிரித்து உள்ளிருப்பதை வெளியே எடுத்தால் சீட்டு பெட்டியோடு போய்விடும். இத்தகைய துணைத் தரவை வைக்காத எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் விரலியில் (யுஎஸ்பி நினைவகத்தில்) நகலெடுத்தால் குறி தங்குவதில்லை. வட்டு நகலான ஐஎஸ்ஓ கோப்புக்குள் இருப்பவற்றுக்குக் குறி சென்று சேராத ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2022 நவம்பரில்தான் அடைத்தது. செவன்-ஸிப் நிரலில், பிரித்தெடுக்கும் கோப்புகளுக்கும் குறியைக் கடத்தும் தெரிவு 2022இல் வந்த 22.00 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் இருந்த பதிப்பில் அந்தத் தெரிவு அணைந்தே இருந்தது. தெரிவை இயக்கி வைத்திருந்தவர்களுக்கும், தொகுப்புக்குள் தொகுப்பாக வரும் கோப்புகளில் குறி தவறிப்போகும் பிழை 24.09 பதிப்பில்தான் திருத்தப்பட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஸிப் கோப்பின்மேல் குறி இருந்தது. பிரித்தெடுத்த எக்ஸ்இ கோப்பின்மேல் இல்லை. எனவே எந்த எச்சரிக்கையும் எழவில்லை. குறி என்பது அறிவுரை, அனுமதி என்பது தாழ்ப்பாள். அறிவுரை தொலைந்துபோன இடத்தில் தாழ்ப்பாளும் இல்லாமல் இருந்ததே இந்த நிகழ்வின் மூலகாரணம்.

தகவல் கசிவு

அதே பதிவிறக்கக் கோப்புறையில் முந்தைய மாதச் சம்பளப் பட்டியலின் நகல் கிடந்தது. ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி எண், மத்திய சேமநிதிக் கழிவு, கைக்கு வந்த சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. அது வெளியே போனதற்குச் சான்று கிடைக்கவில்லை. போகவில்லை என்று சொல்லவும் சான்று இல்லை. 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தும் கணிசமான பாதிப்பு நேரக்கூடும் என்றாலோ, அறிவிக்கவேண்டிய கசிவு என்று கணித்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பெயரோடும் அடையாள எண்ணோடும் சேர்ந்த சம்பளத் தொகை இரண்டாவது வகைக்குள் வரும் என்று கருதி, உரிமையாளர் தயங்காமல் அறிவித்தார். ஊழியர்களையும் அழைத்து நேரில் சொன்னார். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

பதிவிறக்கக் கோப்புறையைப் பலரும் நிரந்தர அலமாரியாகவே பயன்படுத்துகிறார்கள். இப்போது அங்கே 30 நாள்களுக்கு மேல் இருக்கும் கோப்புகள் தாமாகவே நீக்கப்படுகின்றன. சம்பளக் கோப்புகள் சேவையகத்தில் இருவர் மட்டும் திறக்கக்கூடிய கோப்புறையில் உள்ளன.

முதல் திருத்தமும் அதன் போதாமையும்

முதலில் நான் செய்தது எளிமையானது. ஒவ்வொரு பயனரின் பதிவிறக்கக் கோப்புறையிலும், பாதுகாப்பு அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குச் சென்று, எல்லாருக்கும் பொருந்தும் ஒரு மறுப்பு விதியைச் சேர்த்தேன்: கோப்புகளுக்கு மட்டும், இயக்கும் அனுமதி இல்லை. கோப்புகளுக்கு மட்டும் என்று வரையறுப்பது முக்கியம். இல்லாவிட்டால் விதி கோப்புறைகளின்மீதும் விழும். இவ்விதி உட்கோப்புறைகளில் இருக்கும் கோப்புகளுக்கும் இறங்கிச் செல்லும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இதைச் செய்யலாம், செலவு எதுவும் இல்லை, ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் போதும். பிடிஎஃப், எக்செல், படம் எல்லாம் முன்போலவே திறக்கின்றன, ஏனெனில் அவற்றைத் திறக்கும் நிரலுக்குப் படிக்கும் அனுமதி போதும்.

பிறகு தீங்கற்ற ஒரு சிறு நிரலை நானே எழுதி, பிடிஎஃப் போல் வேடமிட்டு, பல வழிகளில் உள்ளே அனுப்பிப் பார்த்தேன். பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து நேரடியாகச் சொடுக்கியபோது அணுகல் மறுக்கப்பட்டது. ஆனால் அதே ஸிப் கோப்பைப் பிரிக்காமல், செவன்-ஸிப் சாளரத்துக்குள்ளேயே சொடுக்கியபோது நிரல் இயங்கிவிட்டது. செவன்-ஸிப், சொடுக்கிய கோப்பைப் பயனரின் தற்காலிகக் கோப்புறைக்குள் பிரித்து அங்கிருந்து திறக்கிறது. என் விதி அங்கே இல்லை. மேசைத்தளத்துக்கு நேரே பிரித்தபோதும், விரலியிலிருந்து சொடுக்கியபோதும், பகிர்வுக் கோப்புறையிலிருந்து சொடுக்கியபோதும் அது இயங்கியது. ஜேஎஸ் என்று முடியும் எழுத்துநிரல் (கட்டளைகளை எழுத்தாகக் கொண்ட கோப்பு) ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். அது பதிவிறக்கக் கோப்புறைக்குள் இருந்தபடியே இயங்கியது. அதை இயக்குவது விண்டோஸின் சொந்த நிரல். எழுத்துநிரல் அதற்குப் படிக்கவேண்டிய ஒரு பிரதி மட்டுமே, எனவே இயக்கும் அனுமதி அங்கே கேட்கப்படுவதில்லை.

லினக்ஸிலும் இதே நிலைதான். நோஎக்ஸெக் என்ற தெரிவுடன் ஒரு வட்டுப்பகுதியை இணைத்தால் அங்கிருந்து எந்த நிரலையும் நேரடியாக இயக்க முடியாது. ஆனால் எழுத்துநிரல்களை நிறைவேற்றும் பாஷ் அல்லது பைத்தானிடம் அங்குள்ள எழுத்துநிரலைப் படிக்கச் சொன்னால் அது படித்து நிறைவேற்றிவிடும்.

தற்காலிகக் கோப்புறைக்கும் அதே மறுப்பை விதித்துப் பார்த்தேன். முறையான நிறுவிகள் பலவும் தங்களை அங்கேதான் பிரித்துக்கொண்டு இயங்குகின்றன என்பதால், அன்றே இரண்டு மென்பொருள்களின் புதுப்பிப்புகள் நின்றுபோயின. அதை விலக்கிக்கொண்டேன். மேலும், தான் உருவாக்கிய கோப்பின் உரிமையாளர் என்ற முறையில் பயனர் அதன் அனுமதிகளைத் திருத்தவும் முடியும். அவர் பெயரில் இயங்கும் நிரலுக்கும் அது முடியும். பதிவிறக்கக் கோப்புறைக்கான மறுப்பு விதி வேண்டியதே, இன்றும் அதை வைத்திருக்கிறோம். வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதுவே. ஓர் அலுவலகத்தை அதை மட்டும் நம்பி விடமுடியாது.

எழுதக்கூடிய இடத்திலிருந்து எதுவும் இயங்கலாகாது

ஆகவே கேள்வியைப் புரட்டிப் போட்டோம். எந்தக் கோப்புறையை அடைப்பது என்று தேடிக்கொண்டிருப்பதை விடுத்து, எங்கிருந்து மட்டும் நிரல்கள் இயங்கலாம் என்று வரையறுத்தோம். விண்டோஸ் 7 காலத்திலிருந்து உள்ள ஆப்லாக்கர் இதற்கான கருவி. முன்பு நிறுவனப் பதிப்புகளுக்கு மட்டும் உரியதாக இருந்த இது, இப்போதைய ப்ரோ பதிப்பிலும் செயல்படும். ஹோம் பதிப்பில் இருந்த இரண்டு கணினிகளை ப்ரோவுக்கு உயர்த்தினோம். இதன் அடிப்படை விதி சுருக்கமானது: விண்டோஸ் கோப்புறையிலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலும் இருப்பவை இயங்கலாம், வேறு எங்கிருந்தும் எதுவும் இயங்கலாகாது. சாதாரணப் பயனரால் அவ்விரண்டு இடங்களிலும் பொதுவாக எழுத முடியாது. எழுத முடிந்த இடத்தில் இயக்க முடியாது, இயக்க முடிந்த இடத்தில் எழுத முடியாது. பதிவிறக்கிய கோப்பு மேசைத்தளத்தில் இருந்தாலும், தற்காலிகக் கோப்புறையில் இருந்தாலும், விரலியில் இருந்தாலும் அது படிக்கும் பொருளாகவே இருக்கும்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு நிர்வாகி கணக்காக இருக்கக்கூடாது. எட்டுக் கணினிகளில் ஆறில் அது நிர்வாகி கணக்காகவே இருந்தது; அதை முன்பே மாற்றாமல் விட்டது என் பிழை. உரிமையாளருக்கு இது முதலில் உவப்பாக இல்லை. "என் கடை, என் கம்ப்யூட்டர், எனக்கே அனுமதி இல்லையா தம்பி?" என்று கேட்டார். அனுமதி அவரிடமே இருக்கிறது, நிர்வாகி கடவுச்சொல் அவருடைய பெட்டகத்தில்தான் உள்ளது, அதை எப்போது பயன்படுத்துவது என்பதை அவரே முடிவு செய்வார் என்று விளக்கினேன். சமையற்கூடத்தில் மூலப்பொருள் இறங்கும் வாசலும் பரிமாறும் வாசலும் தனித்தனியாக இருக்கின்றன அல்லவா என்று அவரே ஒப்பிட்டுக்கொண்டு ஏற்றார். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

விதிகளை உடனே அமல்படுத்தாமல், இரண்டு வாரம் கண்காணிப்பு நிலையில் வைத்தோம். இந்நிலையில் எதுவும் தடுக்கப்படாது. விதி அமலில் இருந்திருந்தால் தடுக்கப்பட்டிருக்கும் நிரல்கள் மட்டும் 8003 என்ற எண்ணுடன் நிகழ்வுப் பதிவேட்டில் பதியும். இந்த இரண்டு வாரம்தான் முழுப் பணியிலும் மிகுந்த பயன் தந்தது. காணொளிக் கூட்ட மென்பொருள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவப்பட்டிருந்தது தெரிந்தது. அதை எல்லாப் பயனர்களுக்குமான நிறுவியைக் கொண்டு புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மாற்றினோம். யாரோ எப்போதோ இறக்கிய பிடிஎஃப் மாற்றி ஒன்று தினமும் பின்னணியில் இயங்கிவந்தது எவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது, அது நீக்கப்பட்டது. தமிழ் எழுத்து விசைப்பலகை நிரல் ஒன்று மேசைத்தளத்திலிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் எல்லாரும் எனக்கு எதிராகத் திரும்பியிருப்பார்கள். பழகிய விசைப்பலகை கைவிரலின் பழக்கம். அதை முறையாக நிறுவிக் கொடுத்தோம்.

விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே சாதாரணப் பயனர் எழுதக்கூடிய சில உட்கோப்புறைகள் உள்ளன: தற்காலிகக் கோப்புறை, பணிகள் கோப்புறை, அச்சுப்பொறி வண்ணக் கோப்புறை முதலியன. இவற்றை விதிவிலக்காகச் சேர்க்காவிட்டால் முழு வேலியும் வீண். எழுத்துநிரல்களுக்கான விதியை இயக்கியதும் ஜேஎஸ், விபிஎஸ், பேட்ச் கோப்புகள் நின்றன. வலைப்பக்க வடிவில் எழுதிய நிரலான எச்டிஏ வகை மட்டும் அதற்குள் அடங்கவில்லை. அதை இயக்கும் விண்டோஸ் நிரலையே தனி விதியால் மறுத்தோம். ஜேஎஸ், எச்டிஏ போன்ற பின்னொட்டுகளைச் சொடுக்கினால் நோட்பேடில் எழுத்தாகத் திறக்கும்படியும் மாற்றினோம். படிக்க நினைப்பவருக்குப் படிக்கக் கிடைக்கும். பின்னொட்டுகளை மறைக்கும் வழக்கத்தையும் எல்லாக் கணினிகளிலும் நிறுத்தினோம். செவன்-ஸிப்பைப் புதுப்பித்து, குறியைக் கடத்தும் தெரிவையும் இயக்கினோம். தாழ்ப்பாள் வந்துவிட்டது என்பதற்காக அறிவுரையைக் கைவிட வேண்டியதில்லை.

பகிர்வுக் கோப்புறை

சேவையகத்தில் இருந்த பகிர்வுக் கோப்புறை முழுவதும் 777 என்ற அனுமதியில் இருந்தது. எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். முன்பு யாரோ ஒருவர் கோப்பு திறக்கவில்லை என்ற புகாரைத் தீர்க்க அவசரமாகச் செய்தது அப்படியே நிலைத்துவிட்டது. விண்டோஸ் கணினிகளுடன் பேசும் சாம்பா நிரலில், புதிய கோப்புகள் 660 என்ற அனுமதியுடன் (உரிமையாளரும் அவர் குழுவும் படிக்கவும் எழுதவும் மட்டும்) உருவாகும்படி மாற்றினேன். இதனால் சேவையகத்தில் அமைத்த ஒரு விதி எட்டு விண்டோஸ் கணினிகளையும் காக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு விண்டோஸ் கணினி பகிர்வில் உள்ள எக்ஸ்இ கோப்பைச் சொடுக்கும்போது, இயக்குவதற்காகத் திறக்கிறேன் என்று தெரிவித்தே சேவையகத்திடம் கேட்கிறது. சாம்பா 3.6 வரை இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை, 4.0 முதல், லினக்ஸ் கோப்பில் இயக்கும் அனுமதி இல்லையென்றால் இயல்புநிலையிலேயே மறுத்துவிடுகிறது. சோதனையில் என் சிறு நிரல் பகிர்விலிருந்து இயங்க மறுத்தபோது, நெடுநாளாகத் திறந்து கிடந்த ஒரு கதவு சாத்தப்பட்ட நிறைவு எனக்கு ஏற்பட்டது.

பழைய கோப்புகளைத் திருத்தும்போது ஒரு தவறு செய்தேன். உட்கோப்புறைகள் உட்பட எல்லாவற்றிலிருந்தும் இயக்கும் அனுமதியை ஒரே கட்டளையில் நீக்கினேன். லினக்ஸில் ஒரு கோப்புறைக்கு இயக்கும் அனுமதி என்றால் அதற்குள் நுழையும் அனுமதி என்று பொருள். அது போனதும் ஆர்டர் பட்டியல்கள் அரைமணி நேரம் எவருக்கும் திறக்கவில்லை. உட்லண்ட்ஸ் சமையற்கூடத்தில் அன்றைய அளவுகள் தெரியாமல் அடுப்பைத் தாமதமாகவே ஏற்றினார்கள். கோப்புக்கும் கோப்புறைக்கும் தனித்தனியே கட்டளை கொடுத்துச் சரிசெய்தேன். இத்தகைய மாற்றத்தை இரவு பத்து மணிக்கு முன் செய்வதில்லை என்பது இப்போது என் வழக்கம்.

மேக் கணினியில் செய்யவேண்டியது குறைவாகவே இருந்தது. 2007 முதல் அங்கே பதிவிறக்கிய கோப்புகளுக்குத் தனிமைப்படுத்தும் குறி ஒட்டப்படுகிறது. 2012 முதல் கேட்கீப்பர் என்ற பாதுகாப்பு, அக்குறியுள்ள நிரல்களில் உருவாக்கியவர் இட்ட மின்கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. 2019இல் வந்த கேட்டலினா முதல், ஒரு செயலி பதிவிறக்கக் கோப்புறையைப் படிக்கவே பயனரிடம் அனுமதி கேட்கவேண்டும். எல்லா அமைப்புகளிலும் வரவேண்டும் என்று நான் விரும்புவது இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான்.

கைப்பேசிகள்

விநியோக ஓட்டுநர்கள் தங்கள் சொந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலேயே வேலை செய்கிறார்கள். சிங்கப்பூரில் இதே பிரச்சினை பெரிய அளவில் வெடித்தது அங்கேதான். சமூக ஊடகத்தில் மலிவு விலை உணவு, வீட்டுத் துப்புரவு என்று விளம்பரம் செய்து, பணம் செலுத்த, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் 2023இல் 1,899 பதிவாயின. குறைந்தபட்ச இழப்பு 34.1 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. 2024 பிப்ரவரியில் கூகளும் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தை இங்கே தொடங்கின. உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளர் ஆகியவற்றின் வழியாக இறங்கிய செயலி, குறுஞ்செய்தியைப் பெறுதல், குறுஞ்செய்தியைப் படித்தல், அறிவிப்புகளைப் பார்த்தல், உடற்குறை உள்ளோருக்காகத் திரையைப் படித்து இயக்கும் அணுகல்தன்மைச் சேவை ஆகிய நான்கில் எதைக் கேட்டாலும் அது நிறுவப்படாமலேயே தடுக்கப்படும்.

இங்கும் கருத்து ஒன்றே. வெளியிலிருந்து வந்த கோப்புக்குக் குறைந்த அனுமதியோடு தொடங்கவேண்டும், மோசமான அனுமதிகளைக் கேட்டால் அதைப் பயனரின் அவசர நொடியில் அவரிடம் விட்டுவிடக்கூடாது. இதை ஊழியர்களுக்குத் தமிழில் விளக்க அரைநாள் ஒதுக்கினோம். ஒருவர் ஏற்கெனவே தன் உலாவிக்குச் செயலி நிறுவும் அனுமதியைக் கொடுத்து வைத்திருந்தார். ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக உள்ளது என்பதால், அதை அங்கேயே நீக்கிக் காட்ட முடிந்தது.

அதற்குப் பின்

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னதாக விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து தீபாவளி வரை, தடுக்கப்பட்டதைக் குறிக்கும் 8004 பதிவுகள் ஏழு கிடைத்தன. ஆறு, பழைய பழக்கத்தில் யாரோ இறக்கிய சிறு கருவிகள். அவற்றுள் இரண்டு உண்மையிலேயே தேவைப்பட்டவை, நிறுவிக் கொடுத்தோம். ஏழாவது, வேறொரு வியாபாரியின் பெயரில் வந்த ஸிப் கோப்புக்குள் இருந்த எக்ஸ்இ. ஆர்டர் எடுக்கும் தம்பி அதைச் சொடுக்கியிருக்கிறார். நிர்வாகியால் தடுக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அவர் எதையும் கண்டுபிடிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

தீராமல் இருப்பது ஒன்று உண்டு. பலகாரப் பெட்டிகளுக்கு எடையும் விலையும் அச்சிடும் இயந்திரத்தின் மென்பொருள், பயனரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது. அதில் கையொப்பமும் இல்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை எண்ணைக் கொண்டு விதிவிலக்கு கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அந்த எண் மாறுகிறது, ஒவ்வொரு முறையும் நான் நேரில் சென்று மாற்றவேண்டியிருக்கிறது. விற்பனையாளருக்கு இரண்டுமுறை எழுதியும் மறுமொழி இல்லை. இது தீரும்வரை அந்த ஒரு கணினிக்கு இணையமும் மின்னஞ்சலும் கிடையாது. விலைப்பட்டியல் சேவையகத்திலிருந்து, படிக்கும் அனுமதியுடன் மட்டும், அதற்குப் போகிறது.